கத்தி இன்னும் கையில்தான்

ஆண்டு பிறந்ததும் பைபிளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும் வீடுகளில், ஜனவரி மாதமே வந்துவிடும் அதிகாரம் ஆதியாகமம் 22. மகன் ஈசாக்கைப் பலியிடு என்கிறார் கடவுள். அதிகாலையில் ஆபிரகாம் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறார், விறகு பிளக்கிறார், மூன்றாம் நாள் மோரியாவில் அந்த இடம் தூரத்தில் தெரிகிறது. இரவு தூங்கினாரா, மனைவி சாராளிடம் சொன்னாரா, வழியில் அழுதாரா? ஒரு சொல்கூடக் கிடையாது. செய்தது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. கதைக்கு அது பலம், ஓவியருக்கோ சங்கடம். முகத்தை வரையாமல் அவர் எப்படித் தப்புவது?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இந்த அதிகாரத்தை விடவே இல்லை. 1635-இல், முப்பதை எட்டாத வயதில், ஆறடிக்கும் மேல் உயரமான திரையில் அதை வரைந்தார். இன்று அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூதன் பாய்ந்து வந்து ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடிக்கிறான். கத்தி நழுவி நடுவானில் நிற்கிறது. தகப்பனின் பெரிய கை பையனின் முகத்தையே அமுக்கி மூடியிருக்கிறது. அந்தக் கையில் ஒரு மேதை தெரிகிறான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அது நாடகமேடைக் காட்சிதான். கத்தி தரையில் விழும் சத்தம் கேட்டதும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம்.

இருபது வருடம் கழித்து அவர் எடுத்தது செப்புத்தகடு. தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மையிட்டுத் தாளில் அழுத்தி எடுக்கும் எச்சிங் கலை அது. 1655-ஆம் ஆண்டின் அந்தப் படம் பதினாறு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. வேதப்புத்தகத்துக்குள் மடிக்காமல் வைத்துவிடலாம்.

இதில் ஈசாக்கைக் கட்டிப்போடவில்லை. தகப்பனின் மடியோரம் மண்டியிட்டுச் சாய்ந்திருக்கிறான். ஆபிரகாமின் கை இங்கேயும் முகத்தில்தான் இருக்கிறது, ஆனால் அமுக்கவில்லை. பார்க்காதே என்று கண்ணை மட்டும் பொத்தித் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. தூதன் மணிக்கட்டைப் பிடிக்க வரவில்லை. இழவு வீட்டில் துவண்டு விழப்போகிறவரைப் பின்னாலிருந்து தாங்குவார்களே, அப்படி இரு கைகளாலும் அணைத்திருக்கிறான். மூன்று பேரும் ஒரே உருவமாக ஒட்டிப்போயிருக்கிறார்கள். கத்தி விழவில்லை, இன்னும் கையில்தான் இருக்கிறது.

ஆபிரகாமின் கண்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கண்கள் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. குறுக்குக் கீறல்கள் அடர்ந்து இரண்டு குழிகளாகக் கறுத்திருக்கின்றன. ‘போதும், நிறுத்து’ என்ற சேதி வந்துவிட்டது, ஆனால் முகத்தை இன்னும் எட்டவில்லை. சிவனடியாருக்காகப் பெற்ற பிள்ளையையே அறுத்த சிறுத்தொண்டர் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முகம் அதிர்ச்சியாகவே இருக்கும். பிள்ளையை அரியும்போதும் அங்கே பெற்றவர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள். ரெம்பிராண்டின் ஆபிரகாமுக்கு அந்தச் சலுகை இல்லை. கீழ்ப்படிந்ததில் ஆள் பாதியாகிவிட்டார்.

இன்னொன்று. மூல அதிகாரத்தில் தூதன் வானத்திலிருந்து கூப்பிடுகிறான், அவ்வளவுதான், தொடுவதே இல்லை. இந்த அணைப்பு முழுக்க முழுக்க ஓவியர் சேர்த்தது. வேதத்தில் இல்லாததை வரையலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வெறும் குரலால் அந்தக் கையை நிறுத்தியிருக்க முடியாது என்று ரெம்பிராண்ட் நினைத்திருக்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இடைப்பட்ட இருபது வருடங்களை அறிந்தால் கதை கட்டத் தோன்றும். பெரிய ஓவியத்தை வரைந்த 1635-இன் கடைசியில்தான் முதல் பிள்ளை பிறந்தது. இரண்டு மாதத்தில் இறந்தது. அடுத்த இரண்டும் தங்கவில்லை. நான்காவதாகப் பிறந்த டைட்டஸ் தங்கினான். தாய் சாஸ்கியா 1642-இல் போய்விட்டாள். 1656-இல் கடன் தீர்க்க முடியாமல் ஓவியர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். துக்கம் கோட்டை மாற்றியது என்று எழுதிவிடுவது சுலபம். துக்கப்பட்ட ஓவியர்கள் ஆம்ஸ்டர்டாமில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இந்தத் தகடு ஒருவருக்குத்தான் வாய்த்தது. நான் பிடித்துக்கொள்வது வேறொரு விவரத்தை. கடனுக்காக எடுத்த சொத்துப் பட்டியலில் ஓவியங்கள், சிலைகள், ஆயுதங்கள் என்று நூற்றுக்கணக்கான பொருட்கள், புத்தகங்களோ கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று, பழைய பைபிள்.

அந்தப் பைபிளில் அவர் இந்த அதிகாரத்தை எத்தனை முறை புரட்டினாரோ. 1645-இலும் ஒரு சிறு எச்சிங் உண்டு: மலையில் தகப்பன் விரலை மேலே காட்டி ஏதோ விளக்க, விறகுக்கட்டோடு நிற்கும் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆட்டுக்குட்டி எங்கே என்று அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நேரம். பலிபீடமோ தூதனோ கிடையாது. வேறு யாராவது இந்த இடத்தில் நின்று வரைந்திருப்பார்களா என்று யோசிக்கிறேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே பக்கத்தில் வேறொரு வரி அவரை நிறுத்தியிருக்கிறது.

1655 படத்தை மலிவான அச்சில் பார்க்க வேண்டாம். நிழல்கள் அப்பிப்போய் முகம் கரியாகிவிடும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடங்களில் அவர் ஊசியே வைக்கவில்லை, வெறும் தாள்தான். பலிக்கு மாற்றாக வந்த ஆட்டுக்கடாவைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அது இருட்டில் இருக்கிறது, ஆபிரகாம் பார்க்காத பக்கத்தில்.