தலைக்காய வழக்கும் சட்டத்தரணியும்

கடும் மூளைக்காயத்துக்கு உள்ளானவருக்காக நட்டஈடு கோரும் சட்டத்தரணி, கட்சிக்காரரின் வாய்மொழியை மட்டும் நம்பி வழக்கு நடத்த முடியாது. விபத்து பெரும்பாலும் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. தனக்கு என்ன குறை என்பதும் பல வேளை அவருக்கே தெரிவதில்லை. இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய வட்டக்கச்சி போன்ற ஊர்களில் இத்தகைய காயம் பெரும்பாலும் இரண்டு வகையில் வந்தது: வீதி விபத்து, 2009 இல் முடிந்த போரின் எறிகணைத் துண்டு (செல் துண்டு).

வீதி விபத்துக்குச் சட்டத்தில் உறுதியான பிடி உண்டு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதால், மோதியவர் கையில் காசில்லாவிட்டாலும் தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் பெறலாம். ஆனால் வழக்குத் தாக்கல் செய்து ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். நல்ல சட்டத்தரணியின் கவனம் குடும்பத்துக்குச் சோறு போடும் இடம் இதுதான். காயப்பட்டவர் பக்கமும் ஓரளவு தவறிருந்தால், 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொகை குறையுமே தவிர, கோரிக்கை அற்றுப்போகாது.

சான்றில்தான் இந்த நடைமுறை தடுமாறுகிறது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, நோய் நிர்ணய அட்டை, சி.ரி. ஸ்கான் ஆகியவை மண்டையோட்டு வெடிப்பையும் இரத்தக் கசிவையும் காட்டும். நெற்றிப் பக்க மூளை கெட்டதால் மாறிப்போன மனிதரைக் காட்டா. அவர் சாட்சிக் கூண்டில் பெயர், ஊர், பிள்ளைகளின் வயது எல்லாம் பிழையின்றிச் சொல்வார். வயலில் வாய்க்காலைத் திறந்துவிட்டு மறந்துபோவார். பக்கத்து வயலில் தண்ணீர் ஏறும். கேட்க வந்தவரை அடிக்கப் போவார். பத்து நிமிடக் குறுக்கு விசாரணையில் தெளிவாகப் பதில் சொல்பவரைச் சுகமடைந்தவர் என்று எதிர்த்தரப்பு வாதிடுவது எளிது. மனைவியும் அயலவரும் கண்டவற்றைத் திகதியிட்டு எழுதிவைக்கச் செய்வதும், நரம்பியல் உளவியல் மதிப்பீடு பெறுவதுமே இதற்கு மறுமொழி. மருத்துவத் துண்டுகளை அடுக்கிக் கொடுப்பதோடு நிற்கும் சட்டத்தரணி பாதி வேலையைத்தான் செய்கிறார்.

காலமும் இடைஞ்சல். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் காயத்துக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டுகளே தருகிறது. சித்தசுவாதீனமற்றோருக்கு விலக்கு உண்டு. சரளமாகப் பேசுபவருக்கு அதை நிறுவுவது கடினம். மூளை எவ்வளவு தேறும், பின்னாளில் வலிப்பு வருமா என்பதெல்லாம் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தெளிவதில்லை. ஆயினும் தொகை ஒரே முறைதான் தீர்மானிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 2005 முதல் வாழ்நாள் முழுதும் தவணையாகச் செலுத்தும்படி நீதிமன்றமே கட்டளையிடலாம். அங்கே தீர்ப்புக்கு முன்பே இடைக்காலப் பணம் பெற்றுப் பராமரிப்பாளரை அமர்த்தலாம். வன்னியில் அந்தப் பராமரிப்பாளர் சம்பளமில்லாத மனைவி அல்லது தாய்.

காயப்பட்டவருக்குக் கிடைக்கும் பணத்தைக் காக்க 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் ஏற்பாடு உண்டு: மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, ஆதன முகாமையாளரை நியமிக்கலாம். ஆனால் அதற்கு அந்த மனிதரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்க வேண்டும். எந்த முடிவை அவரால் எடுக்க முடியும், எதை முடியாது என்று பிரித்துப் பார்க்கும் இங்கிலாந்தின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட மனிதத்தன்மை உடையது. ஊரில் பெயர் கெடும் என்று குடும்பம் விசாரணையைத் தவிர்த்தால், சட்டத்தரணி உறவினர் சொல்வதையே கட்சிக்காரரின் விருப்பமாகக் கொள்ள நேரும். மனைவியும் தாயும் பணத்தில் முரண்பட்டால் காயப்பட்டவருக்காகப் பேச ஆளில்லை.

செல் துண்டு தலையில் தங்கியவரின் நிலை இன்னும் கடினம். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை தந்தது ஒரு மாதம். போரால் நீதிமன்றம் செல்ல முடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் காலாவதியைத் தளர்த்தியது. அதுவும் அசையாச் சொத்துக்கு மட்டும். காணிக்குக் காட்டிய இரக்கத்தை உடலுக்குக் காட்டாதது பெருங்குறை. இடப்பெயர்வில் வைத்தியசாலைப் பதிவுகள் தொலைந்தவர்களுக்கு எக்ஸ்றேயில் தெரியும் இரும்பே சான்று. அதே இரும்பு நகரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதும் ஆபத்து. எஞ்சியிருப்பது 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது. அது நிர்வாக வழி. நீதிமன்றத் தீர்ப்பைப்போல ஒருவருடைய வாழ்நாள் பராமரிப்புச் செலவை அளந்து தருவதல்ல.