கோட்பாடும் மரணப் பதிவேடும்: துர்க்கைமின் ‘தற்கொலை’ குறித்து

பங்குக் கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் நாம் அவ்வப்போது கேட்கும் கூற்று ஒன்று உண்டு. கத்தோலிக்கரிடையே தற்கொலை குறைவு. இதனைப் பிரெஞ்சு அறிஞர் ஒருவரே புள்ளிவிவரங்களைக் கொண்டு மெய்ப்பித்துள்ளார் என்பதே அது. சொல்பவர் பெருமிதத்தோடு சொல்கிறார். கேட்கும் நமக்கும் அது இனிக்கவே செய்கிறது. அவ்வறிஞர் எமில் துர்க்கைம் (1858–1917). நூல், 1897-இல் பாரிசில் வெளிவந்த ‘தற்கொலை’. பலராலும் மேற்கோள் காட்டப்பட்டு, சிலராலேயே முழுதும் படிக்கப்படும் நூல்களுள் அதுவும் ஒன்று. அது நமக்குச் சூட்டும் மாலையை ஏற்குமுன், அம்மாலை எந்த நாரினால் தொடுக்கப்பட்டது என்று பார்த்துவிடுவது நல்லது. சமூகவியலில் கோட்பாடும் கள உண்மையும் எவ்வாறு பிணைய வேண்டும் என்பதற்கு இன்றளவும் இந்நூலையே முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அப்பிணைப்பு எங்கே நழுவும் என்பதற்கும் இதுவே சான்று என்பது நம் கருத்து.

துர்க்கைம் கத்தோலிக்கர் அல்லர். லொரேன் பகுதியில் எப்பினால் என்னும் ஊரில் யூத ரபி ஒருவரின் மகனாகப் பிறந்து, பின்னர் சமய நம்பிக்கையினின்று விலகியவர். நம்மைப் புகழ்வது அவர் நோக்கமன்று. அவருக்கு முன் இரு சாரார் இருந்தனர். ஓகுஸ்த் கோந்த், எர்பர்ட் ஸ்பென்சர் போன்றோர் மனித குலம் முழுமைக்குமான வளர்ச்சி விதிகளைத் தம் மேசையிலிருந்தே வகுத்தனர். மற்றொரு சாரார் ஓயாது எண்ணினர்: மாதவாரியாக, தொழில்வாரியாக, சமயவாரியாக. இத்தாலியரான மொர்செல்லி 1879-இலும், பிற்காலத்தில் செக்கோசுலோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக் 1881-இலும் தற்கொலை பற்றி விரிவான நூல்களை எழுதிவிட்டிருந்தனர். புராட்டஸ்டாண்டு நாடுகளில் தற்கொலை மிகுதி என்பது அப்போதே அறிந்த செய்தி. ஆகவே அதனைத் துர்க்கைம் கண்டுபிடித்தார் என்பது பிழை. கைக்குக் கிடைத்த எண்களை ஒரு தெளிவான கேள்விக்கு விடை சொல்ல வைத்ததே அவர் செய்த புதுமை.

எண்களைச் சற்றுப் பார்ப்போம். பத்து இலட்சம் பேருக்கு ஓராண்டில் புராட்டஸ்டாண்டு நாடுகளில் 190 தற்கொலைகள். இரு பிரிவினரும் கலந்து வாழும் நாடுகளில் 96. கத்தோலிக்க நாடுகளில் 58. ஆனால் நாடுகள் சமயத்தால் மட்டுமா வேறுபடுகின்றன? மொழி, செல்வம், பழக்கவழக்கம் எல்லாம் வேறு. இவ்வையத்தைத் துர்க்கைம் தாமே எழுப்பி, சுவிட்சர்லாந்துக்குச் செல்கிறார். அங்கே ஒரே மொழியினருள்ளும் இரு சமயப் பிரிவினர் உண்டு. பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க மாநிலங்களில் 83, புராட்டஸ்டாண்டு மாநிலங்களில் 453. ஜெர்மன் பேசும் கத்தோலிக்க மாநிலங்களில் 87, புராட்டஸ்டாண்டு மாநிலங்களில் 293. மொழி மாறினும் சமயத்தின் தடம் மாறவில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, திறமையான வழக்கறிஞர் ஒருவர் எதிர்த்தரப்பின் சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூண்டிலிருந்து இறக்குவதைக் காண்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது.

அடுத்து அவர் கேட்பது நம்மில் பலர் கேட்கத் தவறும் கேள்வி. தற்கொலை பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதால்தான் எண்ணிக்கை குறைந்ததா? அல்ல என்கிறார். ஏனெனில் புராட்டஸ்டாண்டு சபைகளும் அதே வன்மையுடன் அதனைக் கண்டிக்கின்றன. போதனை ஒன்றாகவும் விளைவு வேறாகவும் இருக்குமானால், காரணம் போதனையில் இல்லை. அது கூட்டு வாழ்வில் இருக்கிறது. பொதுவான நம்பிக்கைகளும் வழிபாடுகளும் மிகுந்த குழு தன் உறுப்பினரை இறுக அணைத்துக்கொள்கிறது. தனி ஆராய்ச்சிக்கு இடம்கொடுக்கும் குழு அவர்களைத் தளர விடுகிறது. இவ்விளக்கம் சமயத்தோடு நிற்பதில்லை. குடும்பமுள்ளவரினும் தனியர் மிகுதியாக இறப்பதையும், அரசியல் கொந்தளிப்புக் காலங்களில் தற்கொலை குறைவதையும் அதே கயிற்றால் அவர் கட்டுகிறார். ‘நாங்கள் பக்தியுள்ளவர்கள், ஆகவே காப்பாற்றப்படுகிறோம்’ என்று இந்நூலை நாம் மேற்கோள் காட்டும்போது, நூல் சொல்லாததையே சொல்கிறோம். துர்க்கைமின் பார்வையில் நம்மைக் காத்தது நம் விசுவாசத்தின் உண்மையன்று. நாம் நெருங்கி வாழ்ந்த முறை.

இந்த இடத்தில்தான் அமெரிக்க அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1945-இல் தம் கட்டுரையொன்றில் கை வைத்தார். கத்தோலிக்கரிடையே தற்கொலை குறைவு என்பது தனித்து நிற்கும் வரை அது வெறும் செய்தி. ‘குழுவின் பிணைப்பு’ என்னும் கருத்தோடு இணைந்ததும் அது முன்னறிவிப்பாகிறது: கத்தோலிக்கரிடையே பிணைப்புத் தளருமாயின், அவர்களிடமும் தற்கொலை உயரும். கோட்பாடு இவ்வாறு தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே மெர்ட்டனின் பாடம். மிகப் பெரிய தத்துவமும் வேண்டாம், பொருளற்ற கணக்கெடுப்பும் வேண்டாம், இடைநிலைக் கோட்பாடுகளே இன்றைய தேவை என்று அவர் பின்னர் வற்புறுத்தியதன் வித்து இங்குள்ளது. துர்க்கைமுக்கு இதைவிடப் பெரிய புகழுரை கிடைத்ததில்லை எனலாம்.

ஆயினும் நூலைப் படிக்கப் படிக்க நமக்குச் சில நெருடல்கள் தோன்றுகின்றன. இங்கிலாந்து புராட்டஸ்டாண்டு நாடு. ஆனால் அங்கே தற்கொலை குறைவு. கோட்பாடு இடறுகிறதா? இல்லை என்று உடனே பதில் வருகிறது: ஆங்கிலிக்கன் சபையில் குருக்களின் படிநிலை உண்டு, ஒழுங்கு உண்டு, ஆகவே அது பிற சபைகளைவிடப் பிணைப்பு மிக்கது. இருக்கலாம். ஆனால் பிணைப்பை அளக்கத் தனிக் கோல் ஒன்று அவரிடம் இல்லை. தற்கொலை குறைந்த இடத்தில் பிணைப்பு மிகுதி என்றும், மிகுந்த இடத்தில் குறைவு என்றும் சொல்லிக்கொண்டே போகலாம். திறந்து வைத்த வாசல் இங்கே மெல்லச் சாத்தப்படுகிறது.

இரண்டாவது நெருடல் இன்னும் ஆழமானது. பவேரியாவில் கத்தோலிக்கர் பாதிக்கும் குறைவாக உள்ள மாநிலங்களில் 192 என்றும், பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்ள மாநிலங்களில் 75 என்றும் துர்க்கைம் காட்டுகிறார். இறந்த அந்த 192 பேர் எச்சமயத்தினர்? அட்டவணை சொல்லாது. புராட்டஸ்டாண்டினர் நடுவே சிறுபான்மையாய் வாழ்ந்த கத்தோலிக்கர்களே அவர்களுள் மிகுதியாக இருந்திருக்கவும் கூடும். இடத்தைப் பற்றிய எண்ணிலிருந்து ஆளைப் பற்றிய முடிவுக்குத் தாவுவதன் ஆபத்தை 1950-இல் இராபின்சன் என்பார் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கின்படி, வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோரிடமே எழுத்தறியாமை மிகுதி. வந்தேறியவர்கள் கல்வி வளர்ந்த மாநிலங்களில் குடியேறினார்கள், அவ்வளவே! இவ்வெச்சரிக்கை துர்க்கைமின் அட்டவணைகளுக்கும் பொருந்தும் என்பதை 1958-இல் செல்வின் சுட்டிக்காட்டினார்.

மூன்றாவதுதான் நம்மை நேரே தொடுவது. தற்கொலைக்கான காரணம் என்று அரசுப் பதிவேடுகள் குறித்துவைத்தவற்றைத் துர்க்கைம் முற்றாகத் தள்ளிவிட்டார். அவை இறந்தவரின் மனத்தைக் காட்டவில்லை, பதிவு செய்த சிற்றலுவலரின் அபிப்பிராயத்தையே காட்டுகின்றன என்றார். எவ்வளவு கூர்மை! ஆனால் அதே அலுவலர் ‘இது தற்கொலை’ என்று எழுதிய பத்தியை மட்டும் அவர் ஐயமின்றி நம்பினார். நீதித்துறை அமைச்சகத்திலிருந்த ஏறத்தாழ 26,000 கோப்புகளை அவருடைய மருமகன் மார்செல் மோஸ் ஒவ்வொன்றாகப் புரட்டி வகைப்படுத்தினார். (அக்கோப்புகளுக்கு அனுமதியளித்தவர், நூலில் துர்க்கைம் கடுமையாக மறுத்துரைக்கும் கப்ரியேல் தார்த் என்பது ஒரு சுவையான செய்தி.) அத்தனை உழைப்புக்குப் பின்னும் ஒரு கேள்வி எழவில்லை: கோப்பாக மாறாத மரணங்கள் எத்தனை?

கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் அத்தகைய மரணம் நேர்ந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். தன்னையே மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது. நெடுங்காலமாக இருந்துவந்த இவ்வொழுங்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றது. மந்திரித்த மண்ணில் மகனைப் புதைக்க இயலாத தாயின் துயரை எண்ணிப் பார்த்தால், மருத்துவரிடமும் ஊராட்சி எழுத்தரிடமும் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்கக் கடினமில்லை. ஒன்றுபட்ட சமூகமே இத்தகைய மரணங்களை மறைப்பதிலும் வல்லது என்றும், அதனால் துர்க்கைமின் எண்கள் தாம் அளக்க வந்ததை அளக்காமல் போயிருக்கலாம் என்றும் ஜாக் டக்ளஸ் 1967-இல் எழுதினார். 1996-இல் வான் பாப்பல், டே என்னும் இருவர் நெதர்லாந்தின் 1905 முதல் 1910 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்தனர். அங்கே காரணங்கள் இறந்தவரின் சமயவாரியாகவே தொகுக்கப்பட்டிருந்தன, ஊகத்துக்கு வேலையில்லை. தற்கொலை கத்தோலிக்கரிடையே குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ‘திடீர் மரணம்’, ‘காரணம் தெளிவற்றது’ என்னும் பத்திகளில் கத்தோலிக்கர் மிகுந்திருந்தனர். அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது சமய வேறுபாட்டுக்குப் பதிவு முறையே போதிய விளக்கமாயிற்று.

அப்படியானால் துர்க்கைம் வீழ்ந்தாரா? அவ்வளவு எளிதன்று. சாஷா பெக்கர், லூட்கர் வெஸ்மன் ஆகிய பொருளியலறிஞர் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், புராட்டஸ்டாண்டு மாவட்டங்களில் தற்கொலை உண்மையிலேயே மிகுதி என்றே முடிவு கண்டனர். விவாதம் முடியவில்லை. துர்க்கைமைக் காக்க விரும்புவோர் இன்னொரு வாதமும் சொல்வதுண்டு: ஊரே சேர்ந்து ஒரு மரணத்தை மறைக்கிறதென்றால், அதுவும் பிணைப்பின் அடையாளந்தானே? கேட்க அழகாயிருக்கிறது, நாம் இதை ஏற்பதற்கில்லை. எண் குறைந்தாலும் வெற்றி, எண் பொய்த்தாலும் வெற்றி என்னும் கோட்பாடு களத்தை விட்டு விலகிவிட்ட கோட்பாடு. மேலும், காக்கும் பிணைப்பும் மறைக்கும் பிணைப்பும் ஒன்றல்ல. முன்னதில் துயருறுபவனைக் காண ஆள் வருகிறது; பின்னதில் அவன் இறந்த பின்னரே ஆள் கூடுகிறது.

திருச்சபைச் சட்டம் 1983-இல் மாறியது. அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டோர் இப்போது இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடும் உளநோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களது மீட்பு குறித்து நம்பிக்கை இழத்தலாகாது என்றும் கற்பிக்கிறது. ஆனால் பதிவேடு மாறிற்றா?

நம் நாட்டுப் பதிவேட்டின் நிலையை அறிய வேலூர் வரை சென்றால் போதும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலையில் விலகும் வரை ஏட்டில் இருந்தது. காவல் நிலையத்துக்கு அஞ்சும் குடும்பம் உண்மையைச் சொல்லத் தயங்கும். சொன்னாலும், செய்தித்தாளில் நாம் படித்துப் பழகிய ‘தீராத வயிற்றுவலி’யே காரணமாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி ஒன்றியத்தில் வேறு வழியைக் கையாண்டனர். ஊரிலேயே பணியாற்றும் நலப்பணியாளர்கள் ஒவ்வொரு மரணத்தையும் தெரிவிக்க, அவ்வீட்டாரிடமே நேரில் விசாரித்துக் காரணம் முடிவு செய்யப்பட்டது. 1994 முதல் 1999 வரை இலட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 95 தற்கொலைகள் என்று கண்டனர். அந்நாளைய அரசுக் கணக்கின்படி இந்திய சராசரி 11 அளவே.

இன்னொன்றும் தெரியவந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் இலட்சத்துக்குப் பையன்கள் 58, பெண் பிள்ளைகள் 148. துர்க்கைமின் ஐரோப்பாவில் தற்கொலை ஆண்களின் மரணமாகவே இருந்தது. அவர் கோட்பாட்டின் பெரும்பகுதி தளர்ந்த பிணைப்பைப் பற்றியது. கணியம்பாடிச் சிறுமிகளோ பிணைப்புக் குறைந்தவர்கள் அல்லர். வீடும் உறவும் ஊரும் அவர்களைச் சூழ்ந்தே இருந்தன. மட்டுமீறிய கட்டுப்பாட்டால், எதிர்காலம் இரக்கமின்றி அடைக்கப்பட்டதால் நேரும் தற்கொலை என்று நான்காவது வகை ஒன்றையும் துர்க்கைம் கண்டிருந்தார். பிள்ளையற்ற மனைவியரையும் அடிமைகளையும் அதில் சேர்த்தார். ஆனால் இக்காலத்தில் அதற்கு எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது என்று எண்ணி, ஓர் அடிக்குறிப்போடு அதனை முடித்துக்கொண்டார். அவர் நூலை இனிப் படிப்போர் அந்த அடிக்குறிப்பிலிருந்து தொடங்கலாம்.