சுழல்தட்டில் வளர்ந்த சூரியக்கலம்: சுழற்பூச்சு முறை குறித்து ஒரு திறனாய்வு

பெரோவ்ஸ்கைட் எனப்படும் படிக அமைப்புடைய ஈய ஹாலைடுச் சேர்மங்களை ஒளியுறிஞ்சியாகக் கொண்டு, ஜப்பானின் மியாசாகா குழுவினர் 2009இல் வெளியிட்ட சூரியக்கலத்தின் செயல்திறன் 3.8 விழுக்காடு மட்டுமே. இன்று அவ்வகைக் கலங்கள் ஆய்வகத்தில் 26 விழுக்காட்டைக் கடந்து, 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பயணத்தைத் தொடங்கிய சிலிக்கானுக்கு மிக அருகில் நிற்கின்றன. இந்த வேகத்துக்குப் பொருளின் இயல்பு ஒரு காரணம் என்றால், அப்பொருளைப் படலமாக்கக் கையாளப்பட்ட சுழற்பூச்சு முறை மற்றொரு காரணம். ஆயினும் அம்முறை ஈட்டித்தந்த எண்கள் எதைக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்பது தனியே ஆராயத்தக்கது.

ஈய அயோடைடும் கரிம உப்பும் கலந்த கரைசலின் சில துளிகள் கண்ணாடித் துண்டின்மேல் இடப்பட்டு, துண்டு நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் என்ற வேகத்தில் சுழற்றப்படுகிறது; மிகுதிக் கரைசல் வெளியே வீசப்பட்டு, கரைப்பான் ஆவியானபின் ஏறத்தாழ 500 நானோமீட்டர் தடிப்புள்ள படலம் எஞ்சுகிறது. மையத்திலிருந்து விலக விலக மையவிலக்கு விசையும் கூடுவதால், மேடான இடங்கள் தாமாகவே தணிந்து தடிப்பு எங்கும் சமப்படுகிறது. இறுதித் தடிப்பு சுழல்வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், தடிப்பைப் பாதியாக்க வேகத்தை நான்கு மடங்காக்கினால் போதும். ஆய்வாளருக்கு இதைவிட எளிய கட்டுப்பாடு வேறில்லை.

கருவி மலிவானது, ஒரே நாளில் பல கலவைகளைச் சோதிக்க இடந்தருவது. சீசியம், ஃபார்மமிடினியம் ஆகியவற்றைச் சேர்த்து நிலைப்புத்தன்மையைக் கூட்டிய கலவைகள் இவ்வளவு விரைவில் கண்டறியப்பட்டதும், பெருநிதி இல்லாத பல்கலைக்கழக ஆய்வகங்களும் இத்துறைக்குள் நுழைய முடிந்ததும் இதனால்தான். இந்தப் பரவலாக்கம் சாதனை எண்களைவிடப் பெரிய பயன் எனலாம்.

எனினும் முறையின் உயிர்நிலை சுழற்சியில் இல்லை, சுழற்சியின் நடுவே செய்யப்படும் ஒரு தலையீட்டில் இருக்கிறது. உப்புகளைக் கரைக்காத டொலுயீன், குளோரோபென்சீன் போன்ற எதிர்க்கரைப்பானைச் சுழலும் படலத்தின்மேல் ஊற்றும்போது, உள்ளிருக்கும் கரைப்பான் திடீரென உறிஞ்சப்பட்டு, படிகக் கருக்கள் எங்கும் ஒரே கணத்தில் தோன்றி, துளையற்ற அடர்ந்த படலம் உருவாகிறது. தென்கொரிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட இவ்வுத்தி கலத்தின் தரத்தை உயர்த்தியது உண்மையே. ஆனால் ஊற்றவேண்டிய தருணம் சில நொடிகளுக்குள் அடங்குவதால், பாகு பதம் பார்ப்பதைப்போல அது கைப்பழக்கத்தைச் சார்ந்துவிட்டது. ஒரே செய்முறையைப் பின்பற்றும் இரு ஆய்வகங்கள் வெவ்வேறு முடிவுகளை எட்டுவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

பரப்பளவுச் சிக்கல் இதைவிட ஆழமானது. சாதனைக் கலங்கள் பலவற்றின் பரப்பு 0.1 சதுர சென்டிமீட்டர் அளவிலேயே இருக்க, ஒரு சதுர மீட்டர் பலகை அதைப்போல் ஒரு லட்சம் மடங்கு பெரியது. சிறுகலத்தில் ஒரு துளை விழுந்தால் அக்கலத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை அளக்கலாம். பலகையிலோ ஒதுக்க வழியில்லை, எல்லாத் துளைகளும் அதற்குள்ளேயே இருக்கும். எனவே பல கலங்களுள் சிறந்த ஒன்றை முன்னிறுத்தும் வழக்கம், அம்முறையின் நம்பகத்தன்மையை அளக்காமல் அதன் உச்சத்தை மட்டுமே அளக்கிறது. இக்குறை கருவியினுடையதன்று, சாதனை எண்ணைத் தலைப்பாக்கும் ஆய்விதழ்களுக்கும் இதில் பங்குண்டு. பெரிய பரப்பில் செயல்திறன் குறைவதற்கு ஒளிபுகும் மின்வாயின் மின்தடையும் காரணமாதலால், முழுப் பழியையும் பூச்சுமுறைமேல் சுமத்துவதும் முறையாகாது.

சுழல்தட்டில் தேர்ந்த செய்முறையை அப்படியே ஆலைக்கு எடுத்துச் செல்லவும் முடிவதில்லை. சுழலும் தட்டின்மேல் விரைந்தோடும் காற்று படலத்தை நொடிகளில் உலர்த்துகிறது. அலகினால் இழுத்துப் பூசும்போதோ, நீண்ட குறுகிய பிளவின் வழியே கரைசலைப் படரவிடும்போதோ ஈரம் நெடுநேரம் தங்குவதால், படிகங்கள் ஊசிகளாக வளர்ந்து இடைவெளிகளை விடுகின்றன. விரைந்து ஆவியாகும் வேறு கரைப்பான்களையும் வாயு வீச்சையும் நாடி, செய்முறையைத் தொடக்கத்திலிருந்தே மாற்றவேண்டியதாகிறது. கரைசலின் பெரும்பகுதி, ஈயத்தோடு சேர்ந்து, கழிவாகத் தெறிப்பதும், வழக்கமான கரைப்பானாகிய டைமெத்தில் ஃபார்மமைடு இனப்பெருக்க நலத்துக்குத் தீங்கானதாயிருப்பதும் சிறு ஆய்வகத்தில் சமாளிக்கத்தக்கவை, ஆலையில் அல்ல.

ஒப்பீட்டுக்குக் காட்மியம் டெல்லூரைடைக் கருதலாம். காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024இல் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை அப்பொருளிலேயே பலகைகளைச் செய்கிறது. தூள் ஆவியாகி, நகரும் சூடான கண்ணாடிமேல் படிவதே அந்நிறுவனத்தின் முறை. காட்மியமும் டெல்லூரியமும் தனித்தனி ஆவியாகப் பிரிந்தாலும் மீண்டும் சரியான விகிதத்திலேயே சேர்வதால் இது கைகூடுகிறது. பெரோவ்ஸ்கைட்டின் கரிம உப்புக்கு அந்த ஒழுங்கு இல்லை. அதன் ஆவி வெற்றிடக் கலனெங்கும் பரவி, படியும் அளவைக் கணிக்கவிடாது.

இவ்விரு வழிகளுக்கும் இடையில் ஒரு கலப்பு முறையும் உண்டு. சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் ஆய்வாளர்கள் 2018இல், பிரமிடு வடிவ மேடுகள் கொண்ட சிலிக்கான்மேல் ஈய அயோடைடை முதலில் ஆவியாகப் படியவைத்து, பின்னர் கரிம உப்பின் கரைசலைப் பூசிப் பெரோவ்ஸ்கைட்டாக மாற்றி, 25.2 விழுக்காட்டுச் செயல்திறனுள்ள இரட்டை அடுக்குக் கலத்தைப் பெற்றனர். கரைசலை மட்டுமே நம்பினால் அது பள்ளங்களில் தேங்கி முகடுகளை வெறுமையாக விட்டிருக்கும். இரண்டாம் படியில் சுழல்தட்டு அங்கும் இடம்பெற்றது. ஆனால் தடிப்பையும் மேடுபள்ளங்களை மூடுவதையும் ஆவிப்படிவே பெரிதும் முடிவுசெய்துவிட்டதால், அதன் இடத்தில் வேறொரு பூச்சுமுறையை அமர்த்துவது முன்புபோல் அத்தனை கடினமாக இராது.