போன் நகரத்து மெருகு ஓடுகள்

பர்கண்டி ஒயினின் தலைநகர் என்று பெயர்பெற்ற போன் நகருக்கு விடுமுறைப் பயணம் திட்டமிடுவோர் பெரும்பாலும் நிலவறைகளின் பட்டியலோடுதான் தொடங்குகின்றனர். எந்த வணிக இல்லத்தில் எத்தனை மணிக்குச் சுவைப்பது, எந்தத் தோட்டக்காரரிடம் முன்பதிவு செய்வது, அருகிலுள்ள மெர்சோ ஊர்ப் பக்கம் ஒரு நாள் போதுமா என்றெல்லாம் கணக்கிட்டு முடித்தபின், எஞ்சிய ஒரு மணி நேரத்தை ஓத்தெல்-தியூ எனப்படும் பழைய மருத்துவச்சாலைக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே நல்லது. அம்மருத்துவச்சாலை முற்றத்தின் மெருகு ஓட்டுக் கூரைதான் அந்நகரில் முதலிலும் முடிவிலும் காணத்தக்கது. ஒயின் உட்பட ஏனைய யாவும் அதைச் சுற்றி அமையத்தக்கவை.

தெருவில் நிற்பவருக்கு அக்கூரை தெரிவதில்லை. தெருப்பக்கம் நெடுஞ்சுவரும், அதன்மேல் சாம்பல் நிறச் சிலேட்டுக்கல் வேய்ந்த செங்குத்தான கூரையும், மெல்லிய ஊசிக்கோபுரமும் மட்டுமே உள்ளன. ஏழைகளுக்கென எழுந்த கட்டடத்துக்கு உரிய அடக்கம் அது. வாயிலைக் கடந்து முற்றத்தில் கால்வைத்துத் தலைநிமிர்ந்தால்தான் சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நான்கு நிறங்களும் ஒன்றோடொன்று பின்னிய சாய்சதுரக் கட்டங்களாகக் கூரைச்சரிவு முழுவதும் விரிகின்றன. சரிவின் இடையிடையே எழும் மாடச் சாளரங்களின் உச்சியில் ஈயத்தில் வார்த்த அலங்காரங்களும் காற்றுத்திசை காட்டிகளும் நிற்க, கீழே தூண்கள் தாங்கும் நடைமாடம் அவ்வளவு நிறத்துக்கும் ஓர் அமைதியான அடித்தளம் தருகிறது.

மெருகு ஓடு என்பது தட்டையான சுடுமண் ஓட்டின்மேல் ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சைத் தடவி மீண்டும் சூளையில் சுட்டெடுப்பது. அப்பூச்சில் செம்பு கலந்தால் பச்சையும், இரும்பு கலந்தால் அதன் அளவுக்கேற்பத் தேன் நிற மஞ்சளும் பழுப்பும் விளைகின்றன. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்வதால் ஒவ்வொன்றிலும் கீழ்ப்பகுதி மட்டுமே வெளியே தெரிகிறது. எனவே கோலத்தை அமைப்பவர் முழு ஓட்டை எண்ணாமல் வெளித்தெரியும் அச்சிறு துண்டை மட்டுமே எண்ணி, நெசவாளர் ஊடும் பாவும் கணக்கிடுவதைப் போல வரிசை வரிசையாக நிறத்தை மாற்றிக்கொண்டு போகவேண்டும். மேகம் மூடிய வேளையில் அக்கூரை கம்பளம்போல் மங்கிக் கிடக்கும். மழை பெய்து வெயில் அடித்த மறுநொடி, மஞ்சள் ஓடுகள் முதலிலும் பச்சை ஓடுகள் பின்னரும் ஒளியை வாங்கிக்கொள்ள, கட்டங்களின் ஒழுங்கே இடம் மாறியதாகத் தோன்றும். மழை வரும் என்று அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப்போடுவோர் இழப்பது இந்தக் காட்சியைத்தான்.

கலை வரலாறு கற்றோரிடம் இக்கூரையைப் பற்றி ஒரு குறை உண்டு. இன்று காணும் கோலம் 15ஆம் நூற்றாண்டினது அன்று. 1902 முதல் 1907 வரை நடந்த சீரமைப்பில் சோவாஜோ என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தது. மூலக் கோலம் எப்படியிருந்தது என்பதற்குச் சான்று எஞ்சவில்லை. ஆகவே இது பழமையின் போலி என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு, ஆனால் அது அளவுக்கு மீறியது. ஓட்டுக் கூரை என்பது இயல்பிலேயே தலைமுறைதோறும் மாற்றி வேயப்படுவது. கல் நிற்பதுபோல் ஓடு நிற்பதில்லை. சோவாஜோ செய்தது அவ்வட்டாரம் அறிந்த நிறங்களையும் கட்ட அமைப்பையும் எடுத்துக்கொண்டு, பழைய சரிவுக்கும் சாளரங்களுக்கும் பொருந்த வேய்ந்ததே. திஜோன் நகரத்து வோகுவே மாளிகையின் கூரையையும், போனுக்கு அருகிலுள்ள லா ரோஷ்போ கோட்டையின் கூரையையும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் இவ்வொற்றுமையை எளிதில் உணர்வார். அவ்விரண்டிலும் நிறம் இருக்கிறது. போன் முற்றத்தில் உள்ளதுபோல் நிறம் கண்ணை நாற்புறமும் சூழ்வதில்லை.

இக்கூரையை ஒயினிலிருந்து பிரித்துப் பேசவும் இயலாது. பர்கண்டிக் கோமகன் நல்லவர் பிலிப்பின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோன் தெ சாலனும், போரும் கொள்ளையும் பஞ்சமும் நகரை வறுமையில் தள்ளியிருந்த காலத்தில், 1443இல் இந்த அறச்சாலையை நிறுவினர்; 1452ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். 1457 முதல் மக்கள் திராட்சைத் தோட்டங்களை இதற்கு எழுதிவைக்கத் தொடங்கினர். அவ்வாறு சேர்ந்த நிலம் இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர். அதில் விளையும் ஒயின், ஒவ்வொன்றும் 228 லிட்டர் கொள்ளும் பீப்பாய்களாக, 1859 முதல் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. ஏலத் தொகை மருத்துவமனைக்கும் இப்பழைய கட்டடத்தின் பராமரிப்புக்கும் செல்கிறது. நிறுவியோர் இருவர் பெயரிலும் தனித்தனி ஒயின்கள் வருவதை அறிந்தவர் பலர். அந்த ஒயின்தான் இந்த ஓடுகளைக் காத்துவருகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியமே இங்கு முதன்மையானது என்போரும் உண்டு. ஒன்பது ஓக்குப் பலகைகளில் மடிப்பு மடிப்பாக அமைந்து, நோயாளிகள் படுத்தபடியே காணுமாறு ஏழைகள் கூடத்தின் கோடியிலிருந்த தேவாலயத்தில், ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மட்டும் திறக்கப்பட்ட அப்பெரும்படைப்பின் சிறப்பை மறுப்பவர் எவருமிலர். ஆயினும் அது இப்போது தன் இடத்தை விட்டு இருள் செறிந்த தனியறைக்குச் சென்றுவிட்டது. கூரையோ தான் பிறந்த இடத்திலேயே வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஏழைகள் கூடத்தில் நிற்கும்போது தரையோடுகளையும் குனிந்து நோக்கவேண்டும். ரோலன் தம் மனைவியைக் குறித்துத் தேர்ந்த ‘சேல்’, அதாவது ‘இவள் ஒருத்தியே’ என்னும் சொல்லும், அதனருகே ஒரு விண்மீனும் அவ்வோடுகளில் இருப்பதைப் பலர் மிதித்தபடியே கடந்துவிடுகின்றனர்.

பயண ஏற்பாட்டில் சிக்கல் அதிகமில்லை. பாரிசிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் திஜோன், அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணிக்குள் போன். மூன்று இரவுகள் போதுமானவை. நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று ஏலம் நடப்பதால் அவ்வாரம் விடுதியறை கிடைப்பது அரிது. கூட்டத்தில் முற்றமும் முற்றமாக இராது. அறுவடை ஓய்ந்த அக்டோபர் பிற்பகுதியே ஏற்றது. அப்போது திராட்சை இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி, ‘தங்கச் சரிவு’ என்று பொருள்படும் கோத்-தோர் மலைச்சரிவே ஓட்டுக் கூரையின் நிறங்களை ஏற்றிருக்கும். போனிலிருந்து பொமார், வொல்னே, மெர்சோ ஊர்களின் தோட்டங்களினூடே செல்லும் மிதிவண்டிப் பாதையில் ஒரு நாள் போகலாம். 2015இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்ற ‘கிளிமா’க்களை, அதாவது தனித்தனிப் பெயரும் மண்ணும் கொண்ட சிறு தோட்டப் பாத்திகளை, அறிய அதுவே சிறந்த வழி. போர்தோ ஒயின் வட்டாரத்தின் பெருமாளிகைகளை விரும்புவோருக்கு இச்சிற்றளவு ஏமாற்றம் தரலாம். ஆனால் நடந்தே கடக்கக்கூடிய நகரில்தான் ஒரே முற்றத்துக்கு மூன்று முறை செல்ல மனம் வரும்.

வருந்தத்தக்கது பார்வையின் தரம் தாழ்ந்திருப்பதே. 1971 வரை இம்மருத்துவச்சாலையில் நோயாளிகள் இருந்தனர். அந்நகரத்து முதியோருள் சிலருக்கேனும் இக்கூரை, உறவினர் நலம்பெறக் காத்திருந்த நாள்களோடு சேர்ந்த நினைவாக இருக்கும். இன்று பாரிசிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் குழுக்கள் ஒலிவழிகாட்டியைக் காதில் பொருத்தி, ஒரு படம் எடுத்து, ஓட்டுக் கோலம் அச்சிட்ட நினைவுப்பொருளை வாங்கிக்கொண்டு வெளியேறுகின்றன. சிறு மெழுகுத்திரி எரிந்தணையும் வரை விலைகேட்ட ஏலமும், இப்போது எந்தப் பீப்பாய் எவ்வளவு விலைக்குப் போயிற்று என்னும் செய்தியாகச் சுருங்கிவிட்டது.

செல்லவிருப்போர் முதல் நாள் காலையில், எந்த ஒயினையும் சுவைக்குமுன், வாயில் திறக்கும் வேளையிலேயே முற்றத்துக்குப் போய்விடவேண்டும். அங்கிருந்து கூரையை ஒரு மணி நேரமாவது பார்க்கட்டும். கூடங்களையும் ஓவியத்தையும் அதன்பின் காணலாம்.