குறை சொல்லாதே என்றொரு வார்த்தைப்பாடு

கத்தோலிக்கத் துறவிகள் வழக்கமாகக் கொடுப்பது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள். 1941இல் மெக்சிகோவில் அருள்பணியாளர் மார்சியல் மசியேல் தொடங்கிய 'லீஜன் ஆஃப் கிறைஸ்ட்' சபையில் கூடுதலாக இன்னொன்றும் இருந்தது. சபைத் தலைவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொல்பவரைப் பற்றி மேலே தெரிவிப்பேன் என்று கடவுளிடமே வாக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

சிறுவயதில் மசியேல் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக 1997இல் முன்னாள் உறுப்பினர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2006இல்தான் வத்திக்கான் அசைந்தது. பொதுப்பணியை விட்டு ஜெபத்திலும் தவத்திலும் இருக்கச் சொன்னது. வயசையும் உடல்நிலையையும் காட்டி விசாரணையைக் கைவிட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்று அந்த அறிக்கை நேராகச் சொல்லவில்லை; சபையின் பணிக்கு மட்டும் நன்றி சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

என் பார்வையில் உருப்படியான நடவடிக்கை, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அந்த வார்த்தைப்பாட்டை நீக்கியதுதான். மசியேல் 2008இல் இறந்தார். 2019இல் சபையே வெளியிட்ட அறிக்கைப்படி, பாதிக்கப்பட்ட சிறார்கள் 175 பேர், குற்றம் செய்த குருக்கள் 33 பேர். மசியேலிடம் மட்டும் குறைந்தது 60 பேர். ஆக, 'ஒரு கெட்ட மனிதர்' என்ற சமாதானம் எடுபடாது.

உறுப்பினர் தன் மனசாட்சியைத் திறந்து காட்டும்படி தலைவர் தூண்டக் கூடாது என்று 1983 திருச்சபைச் சட்டம் (630) ஏற்கெனவே சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் மீறினார் என்று சொல்வதே பாவம் என்று நம்பவைத்தால், அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்?