இந்தித் திரையிசையில் அவலம்: குருதத்தின் இரு படங்கள்

இந்தித் திரைப்படங்களின் சோகப் பாடல்களைக் கண்ணீர் வரவழைக்கும் மலிவான உத்தியெனத் தள்ளிவிடுவது விமர்சகர் சிலரிடையே வழக்கமாகிவிட்டது. வயலின்களின் ஓலமும் நாயகனின் புலம்பலும் நிறைந்த பாடல்களைப் பொறுத்தவரை இக்கூற்றை மறுப்பதற்கில்லை. எனினும், குருதத்தின் நெறியாள்கையில் வெளிவந்த 'பியாஸா' (1957), 'காகஸ் கே பூல்' (1959) ஆகிய படங்களுக்கு எஸ். டி. பர்மன் அமைத்த இசையையும் இக்கணக்கில் அடக்குதல் தகாது.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் நிலைக்களனாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. 'பியாஸா'வின் கவிஞன் இளிவிலும் வறுமையிலும் உழல்பவன். பதிப்பாளர் வீட்டு விருந்தில் ஏவலாளாய் நிற்கும் அவன், முன்னாட் காதலி அவ்வீட்டுத் தலைவியாய் இருந்து கேட்கப் பாடுகிறான். சாஹிர் லூதியான்வியின் சொற்களை ஹேமந்த் குமாரின் குரல் ஆரவாரமின்றி, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பாங்கிற் கொண்டு செல்கிறது. இரக்கத்தை யாசிக்காமையாலேயே அக்குரல் இரக்கத்தைப் பெறுகிறது.

'காகஸ் கே பூல்' காட்டுவது அசைவினை. பண்டைய நல்ல நிலை கெட்டு வருந்துதல் என்னும் அதன் பொருள், புகழிழந்து வீழும் திரைப்பட நெறியாளர் ஒருவரின் கதைக்கு முற்றும் பொருந்தும். கைஃபி ஆஸ்மி எழுதிக் கீதா தத் பாடிய பாடல் ஆளற்ற படப்பிடிப்பு அரங்கில் ஒலிக்கிறது. குருதத்தோ வஹீதா ரஹ்மானோ வாயசைப்பதில்லை. வி. கே. மூர்த்தியின் ஒளிப்பதிவில் ஒளிக்கற்றையொன்று இருளை ஊடறுக்க, இருவரும் விலகியே நிற்கின்றனர். பாத்திரங்கள் தம்முள் அடக்கிக்கொண்ட துயரை இசை ஏற்றுக்கொள்கிறது.

பாடியவர் குருதத்தின் மனைவி என்பதையும், குருதத் 1964இல் இளமையிலேயே மறைந்தமையையும் கொண்டு இப்பாடலின் ஆற்றலை விளக்குவோர் உளர். அது வாழ்க்கை வரலாறாகலாம், விமர்சனமாகாது. அவ்விவரங்களை அறியாதாரையும், இந்தி மொழியே அறியாதாரையும் அப்பாடல் கலங்கவைக்கிறது.

படத்தின் பிற்பகுதி நாயகனின் வீழ்ச்சியை நீட்டிக்காட்டித் தன்னிரக்கத்துக்கு இடங்கொடுக்கிறது என்பதையும் மறைத்தல் கூடாது. வெளிவந்த காலத்தில் அது வசூலிலும் தோல்வியுற்றது. கதை தவறவிட்ட அடக்கத்தைப் பாடல் காத்துக்கொண்டது. துயரத்தைப் பெருக்கிக் காட்டும் இசை கேட்ட கணத்தில் அழவைத்து அகன்றுவிடும். துயரத்தைத் தாங்கி நிற்கும் இசையோ கேட்டவர் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.