சோனியாவின் முதுகு

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோடரியில்தான் ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால், கோடரி விழுவதற்கு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில், ஒரு கட்டிலில் வைத்து நாவல் தன் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

வீட்டில் குழந்தைகள் பட்டினி. சிற்றன்னை கத்தரீனா இவானவ்னா குத்திப் பேசுகிறாள். சாயங்காலம் வெளியே போன சோனியா இரவு திரும்பி வந்து, முப்பது வெள்ளி ரூபிள்களை மேசைமேல் வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைச் சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். தோள்கள் மட்டும் நடுங்குகின்றன. கத்தரீனா அவள் காலடியில் மண்டியிட்டு வெகுநேரம் அந்தப் பாதங்களை முத்தமிடுகிறாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போகிறார்கள்.

பைபிள் தெரிந்தவர்களுக்கு முப்பது என்றதுமே யூதாஸ் ஞாபகம் வரும். பாதங்களை முத்தமிடுவது லூக்கா சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம். ஊரார் பாவி என்று ஒதுக்கிய பெண் அங்கே இயேசுவின் கால்களைக் கண்ணீரால் நனைத்து முத்தமிடுகிறாள். தஸ்தயெவ்ஸ்கி அதைத் திருப்பிப் போடுகிறார். இங்கே பாதங்கள் விலைபோனவளுடையவை. முத்தமிடுகிறவள் அவளைத் தெருவுக்குத் தள்ளியவள். சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொள்வது போலக் கட்டிக்கொள்கிறார்கள். செத்தவளே அதில் ஒருத்தி.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார்? அப்பா மர்மெலாதோவ். அன்றைக்கு அவர் போதையில் படுத்துக் கிடந்தார். இப்போது மதுக்கடையில், முன்பின் தெரியாத ரஸ்கோல்னிகோவிடம் அலங்காரமாக விவரிக்கிறார். அவர் முன்னால் இருக்கும் பாட்டில், சோனியா கொடுத்த கடைசி முப்பது கோபெக்கில் வாங்கியது. மகள் உடம்பை விற்றாள். அப்பா அவள் துயரத்தைக் கதையாக்கிச் செலவழிக்கிறார். அவர் அழுகை பொய்யில்லை. ஆனால் அதற்கு ஆடியன்ஸ் வேண்டியிருக்கிறது. கட்டிலில் நடந்ததற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வித்தியாசம் இன்னைக்கு நமக்கு உறைக்கணும். வருஷா வருஷம் அப்ரைசல் படிவத்தில் என்னையே நான் விலைக்கு எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் ஐடி துறையில் வேலை போனவர்கூட, 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று சிரித்த முகத்தோடு பதிவு போட வேண்டியிருக்கிறது. துக்கமும் ப்ரொஃபைலில் ஒரு வரி. கத்தரீனாவும் இதைத்தான் செய்து பார்க்கிறாள். பள்ளியில் வாங்கிய பதக்கம் எப்போதோ விற்றுப்போச்சு, பாராட்டுச் சான்றிதழ் மட்டும் மிச்சம். கணவனின் இழவு விருந்துக்கும் அதை எடுத்து வருகிறாள். கடைசியில் குழந்தைகளைத் தெருவில் ஆடிப்பாட வைக்கிறாள். துயரம் காட்சியாகிறது, ஆனால் விலைபோகவில்லை. அவள் செத்தபின் அந்தச் சான்றிதழ் தலையணைப் பக்கத்தில் கிடக்கிறது. ரெஸ்யூமேவோடு செத்துப்போன பெண்.

சோனியா தொழில் செய்வதை நாவல் ஒருமுறைகூடக் காட்டவில்லை என்பது நபகோவின் பிரபலமான குற்றச்சாட்டு. கொலைகாரனையும் வேசியையும் ஒன்றாக உட்கார வைத்து பைபிள் வாசிக்க வைப்பதும் அவருக்கு எரிச்சல். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. சோனியாவின் கண்ணீர் பல இடங்களில் ரஸ்கோல்னிகோவின் மீட்புக்கு எரிபொருளாகிவிடுகிறது. முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முதுகுதான் அதற்குப் பதில். காட்டியிருந்தால், நாவலாசிரியரும் அவளை இன்னொரு முறை விற்றிருப்பார்.

ரஸ்கோல்னிகோவின் கணக்கில் லிசவேத்தாவுக்கு இடமே இல்லை. ஒரு வட்டிக்காரக் கிழவி போனால் நூறு பேர் வாழலாம் என்பது கணக்கு. குறுக்கே வந்துவிட்ட அவள் தங்கை லிசவேத்தாவையும் வெட்டிவிடுகிறான். அவளை நினைப்பதுகூட அவனுக்கு அபூர்வம். சோனியா வாசிக்கும் புதிய ஏற்பாடு லிசவேத்தா கொடுத்தது. லாசரு உயிர்த்தெழுந்ததைக் கேட்கத்தான் அவன் வந்திருக்கிறான். வாசிக்கிறவளோ, தம்பிக்காக அழுத மார்த்தாள், மரியாள் பக்கம் நிற்கிறாள். போன வாரம் சர்ச்சில் இறந்தவருக்கான பிரார்த்தனை செய்ததாகச் சொல்கிறாள். லிசவேத்தாவுக்காக.

அதுவும் யாருக்காக என்று அவன் கேட்டதால்தான் நமக்குத் தெரிகிறது.